சில்வியா என்னும் இருட்டு

மன்னாரில் எங்கள் ஊரான உயிலங்குளத்திலிருந்து நேர் வடக்கே வரைபடத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். அடம்பன் வயல்களைத் தாண்டி, விடத்தல்தீவுப் பக்கத்துக் கண்டல்களைத் தாண்டிக் கடலில் இறங்குகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏறி மறுபடியும் கடல். பிறகு சென்னைக்குத் தெற்கே எங்கோ கரை சேர்கிறது. இன்னும் கால் பாகையளவு கிழக்கே நகர்ந்தால் நுங்கம்பாக்கம். அங்கே 1792இல் கிழக்கிந்தியக் கம்பனி கட்டிய வான் ஆய்வகம் ஒன்று இருந்தது. தமிழும் தெலுங்கும் பொறித்த கருங்கல் தூண் ஒன்று இன்றும் அந்த வளவில் நிற்கிறது.

கால் பாகை என்றால் நேரக் கணக்கில் ஒரு நிமிடம். அந்த ஆய்வகத்தின் தெற்கு வடக்குக் கோட்டைக் கடந்த வெள்ளி ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்து எங்கள் குளக்கட்டுக்கு நேரே வரும். வடக்கு வெள்ளிகள் இங்கே நாலு பாகை தாழ்ந்து தெரியும், தெற்கு வெள்ளிகள் அதேயளவு உயர்ந்து தெரியும். மற்றபடி அங்கே இருந்தவர் பார்த்ததும் எங்கள் ஆட்கள் பார்த்ததும் ஒரே வானம்தான். 1866 மே 16 இரவும் அப்படித்தான் இருந்திருக்கும். வைகாசி பிறந்து சில நாள். இங்கே கச்சான் காற்று கிளம்புகிற காலம், அங்கே கத்திரி வெயில் தணியாத காலம். அன்றிரவு சென்னையில் நோர்மன் பொக்சன் சிறுகோள் ஒன்றைக் கண்டுபிடித்தார். வரிசையில் அது 87ஆவது. சில்வியா என்று பெயர் வைத்தார்.

அந்தச் சில்வியாவைப் பற்றித்தான் இந்தக் கொப்பியில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வருகிறேன்.

*

சிறுகோள் என்பது பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சூரியனைச் சுற்றும் கல். முதலாவது 1801இல் கிடைத்தது. பொக்சனின் காலத்தில் அதைத் தேடும் முறை ஒன்றே ஒன்றுதான். வானத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, தொலைநோக்கியில் தெரிகிற ஒவ்வொரு வெள்ளியையும் தாளில் புள்ளியாகக் குறிக்க வேண்டும். அடுத்த இரவும் அதற்கடுத்த இரவும் அதே பகுதியைத் தாளோடு ஒப்பிட வேண்டும். ஏதாவது ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால் அது வெள்ளியல்ல. முகில் மறைத்தால் அந்த இரவு போயிற்று. நிலவு ஏறினாலும் போயிற்று.

பொக்சன் 1829இல் இங்கிலாந்தின் நொட்டிங்காமில் பிறந்தவர். 1861இன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். வந்த சில வாரங்களில், ஏப்ரல் 17இல், ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசிய மண்ணிலிருந்து கண்டறியப்பட்ட முதலாவது என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். 1864இல் சப்போ, 1866இல் சில்வியா, 1868இல் கமிலா, 1885இல் வேரா. 1891 ஜூனில் இறக்கும்வரை அந்த ஆய்வகமே அவருடைய உலகம். மகள் ஐசிஸ் 1873 முதல் அங்கே உதவியாளராக வேலை செய்தார். தலைமை உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒளி கூடிக் குறையும் வெள்ளி ஒன்றைத் தாமே கண்டறிந்தவர். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனைக் குறுக்கே கடக்க இருந்தபோது, அதை இந்திய மொழிகளில் விளக்கிச் சிறுநூல் வெளியிட்டவரும் அவரே. வானத்தைப் பார்த்தவர் அதை ஊர்ப் பேச்சிலும் சொல்ல நினைத்தார் என்பதற்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

சில்வியாவைக் கண்ட இரவில் யார் விளக்கைப் பிடித்தார், யார் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொன்னார் என்பதெல்லாம் பெரிய புத்தகங்களில் வருவதில்லை. ஆனால் இரவு வேலை ஒருவரால் நடப்பதல்ல. வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்களுக்கு இது தெரியும்.

*

பொக்சனின் பெயர் நிற்பது சிறுகோள்களால் மட்டுமல்ல. சென்னைக்கு வருவதற்கு முன்பே, 1856இல், வெள்ளிகளின் பிரகாசத்தை அளக்க அவர் ஒரு கணக்கு வகுத்தார். முதலாம் தரத்து வெள்ளி ஆறாம் தரத்து வெள்ளியைவிடச் சரியாக 100 மடங்கு பிரகாசம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு தரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 2.512 மடங்கு. உலகம் முழுவதும் இன்றும் இந்தக் கணக்கைத்தான் பயன்படுத்துகிறது.

நல்ல இருட்டில், நல்ல கண்ணுக்கு, ஆறாம் தரம்வரை தெரியும். சில்வியா பிரகாசமாக இருக்கும்போதும் பன்னிரண்டாம் தரத்தை ஒட்டியே நிற்கும். பொக்சனின் கணக்கிலேயே போட்டுப் பார்த்தால், எங்கள் கண்ணுக்குத் தெரிகிற கடைசி வெள்ளியைவிட அது ஏறத்தாழ 250 மடங்கு மங்கல்.

ஆனால் அது சிறியதல்ல. குறுக்களவு சராசரியாக 270 கிலோமீற்றர். இலங்கையின் மிகக் கூடிய அகலம் 224 கிலோமீற்றர்தான். நீளவாக்கில் 360 கிலோமீற்றர் அளவு இருக்கும், உருண்டையில்லை. ஐந்து மணித்தியாலமும் பத்துப் பதினொரு நிமிடமும் ஆனால் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடும். மன்னாரில் ஓர் இரவு கழிவதற்குள் அங்கே இரண்டு பகலும் இரண்டு இரவும் போய்விடும். சூரியனைச் சுற்ற ஆறரை ஆண்டு. சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தைப்போல மூன்றரை மடங்கு தூரத்தில், சிறுகோள் பட்டையின் வெளி விளிம்பில், பெரும்பாலான கற்கள் நின்றுவிடும் எல்லையையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

இவ்வளவு பெரியது ஏன் இவ்வளவு மங்கல்? தூரம் ஒரு காரணம். நிறம் இன்னொரு காரணம். சில்வியாவின்மேல் நூறு பங்கு வெளிச்சம் விழுந்தால் நாலு பங்குதான் திரும்பி வரும். அணைந்த அடுப்பிலிருந்து எடுத்த கரித்துண்டின் கறுப்பு அது. நிலவும் உண்மையில் கறுத்தக் கல்தான், ஆனாலும் அது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கைத் திருப்பித் தருகிறது. வெஸ்டா என்ற சிறுகோள் நாற்பதுக்கும் மேல். வெஸ்டாவின் தோல் சில்வியாவுக்கு இருந்திருந்தால் பத்து மடங்கு வெளிச்சமாக, இரண்டரைத் தரம் உயர்ந்து, சாதாரணத் தூரக்கண்ணாடிக்கே எட்டியிருக்கும்.

கரியும் கரிச் சேர்மங்களும் கலந்த பழைய தூசி அந்தத் தோல். சூரிய மண்டலம் பிறந்த காலத்து மூலப்பொருள் அதிகம் வேகாமல், உருகாமல், வெளி விளிம்பில் மிஞ்சியிருக்கிறது. இப்படிப்பட்ட கற்களில் பல இன்னும் வெகுதூரத்தில், நெப்டியூனுக்கு அப்பால் பிறந்து, பெரிய கோள்கள் இடம் மாறியபோது உள்ளே தள்ளப்பட்டு வந்தவை என்று சில ஆய்வாளர் கருதுகிறார்கள். இன்னும் முடிவாகாத பேச்சு. அதை வாசித்த இரவு நான் வேறெதையும் வாசிக்கவில்லை.

*

இருட்டைப் பற்றி எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லை. இரவில் குப்பி விளக்கின் திரியையும் தாழ்த்தி வைத்தோம். 2002இல் போர்நிறுத்தம் வந்தபின் உயிலங்குளம் ஒரு கடவையாயிற்று. இராணுவத்தின் கட்டுப்பாட்டுப் பகுதி ஒரு பக்கம், புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி மறுபக்கம், நடுவில் யாருக்கும் உரியதல்லாத வெறுந்தரை. பகலில் சனம் பைகளோடும் பிள்ளைகளோடும் வரிசையில் நின்று கடந்தது. இரவில் அந்த நடுத்தரையில் என்ன இருந்தது என்று இந்தப் பக்கத்தாருக்கும் தெரியாது, அந்தப் பக்கத்தாருக்கும் தெரியாது.

ஆனால் இருட்டில் ஒன்றும் தெரியாது என்பது வெளிச்சத்திலேயே வாழ்ந்தவர்களின் எண்ணம். அம்மா திண்ணையில் இருந்தபடியே சொல்லுவா, ஒழுங்கையில் ஆரோ வருகினம் என்று. அவ பார்ப்பதில்லை. முதலில் மேற்கு வளவு நாய் குரைக்கும். பிறகு அடுத்த வளவு நாய். பிறகு எங்கள் நாய் காதைத் தூக்கும். குரைப்பு நகர்கிற வேகத்தை வைத்தே நடந்து வருகினமா, சைக்கிளில் வருகினமா என்றும் சொல்லிவிடுவா. குரைப்பு ஒரே இடத்தில் நின்றுவிட்டால்தான் அவவின் கை விளக்கை அணைக்கப் போகும்.

*

தன் ஒளியால் தெரியாத ஒன்றை அறிய வானியலுக்கு மூன்று வழி வாய்த்தது. மூன்றுமே எனக்குப் பிடிக்கும்.

ஒன்று சூடு. கறுத்த கல் வெளிச்சத்தைத் திருப்பித் தராமல் விழுங்குகிறது. விழுங்கியது எங்கும் போய்விடாது, கல்லைச் சூடாக்கும், கல் அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடும். 1983இல் பூமியைச் சுற்றிய ஐராஸ் என்ற செயற்கைக்கோள் அந்தச் சூட்டை அளந்தது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தெரியாத சூட்டையும் சேர்த்துப் பார்த்தால் கல்லின் பருமனும் அதன் கறுப்பும் ஒன்றாக வெளிப்படும். வெளிச்சத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சிறிய வெள்ளைக் கல்லுக்கும் பெரிய கறுத்தக் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது நிழல். சிறுகோள் போகிற வழியில் தூரத்து வெள்ளி ஒன்றை மறைத்தால், அந்த வெள்ளி சில வினாடி அணைந்து மறுபடி ஏற்றப்பட்டதுபோலத் தெரியும். பூமியில் ஒரு குறுகிய பட்டையில் இருப்பவர்களுக்கு மட்டுமே அந்தக் காட்சி. பட்டைக்குக் குறுக்கே ஆட்கள் ஆளுக்கோர் ஊரில் நின்று, அணைந்த நேரத்தையும் திரும்பி வந்த நேரத்தையும் துல்லியமாக எழுதி வைத்தால், ஒவ்வொருவரின் குறிப்பும் கல்லின் குறுக்கே ஒரு கோடு. கோடுகளைச் சேர்த்தால் கல்லின் உருவம். 2013 ஜனவரி 6இல் ஐரோப்பாவில் சில்வியாவுக்கு இப்படிப் பார்த்தார்கள். தொழில்முறை வானியலாளர்களோடு, வீட்டு முற்றத்தில் தொலைநோக்கி வைத்திருந்தவர்களும் பார்த்தார்கள். வெள்ளி அணையவில்லை என்று எழுதியவரின் குறிப்பும் அதில் வேண்டியதாயிருந்தது. கல்லின் விளிம்பு எங்கே முடிகிறது என்று சொல்வது அந்தக் குறிப்புத்தானே.

மூன்றாவது வழியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டும்.

2001 பெப்ரவரி 18இல் ஹவாய்த் தீவின் மவுனா கியா மலையில், பத்து மீற்றர் கண்ணாடி கொண்ட கெக் தொலைநோக்கியால் மைக் பிரவுனும் ஜோன் லுக் மார்கோவும் சில்வியாவைப் படம் எடுத்தார்கள். காற்றின் நடுக்கத்துக்கு ஏற்ப ஒரு கண்ணாடியை வினாடிக்குப் பல நூறு தடவை நெளித்து, கலங்கிய படத்தைத் தெளிவாக்கும் வசதி அப்போது வந்திருந்தது. சில்வியாவின் பக்கத்தில் ஒரு பொட்டு இருந்தது. அது ஒரு நிலா. 2004இல் சிலி நாட்டின் பரனால் மலையிலிருந்து எடுத்த படங்களை ஃபிராங்க் மார்ஷிசும் பாரிஸ் நண்பர்களும் ஆராய்ந்தபோது, இன்னும் உள்ளே, இன்னும் மங்கலாக, மற்றொரு பொட்டு. இரண்டு நிலாக்கள் கொண்ட சிறுகோள் உண்டு என்று உலகம் முதன்முதலாக அறிந்தது 2005 ஆகஸ்டில்தான். பொக்சன் வைத்த பெயர் ரோமாபுரிக் கதையின் ரியா சில்வியாவினுடையது. ஆகவே நிலாக்களுக்கு அவளுடைய இரட்டைப் பிள்ளைகளின் பெயர்களே வந்தன, ரோமுலஸ், ரீமஸ்.

நிலா கிடைத்தால் நிறை கிடைக்கும். எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது, சுற்ற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும், நடுவில் இருப்பது எவ்வளவு கனம் என்று கெப்ளரின் விதியும் நியூட்டனின் விதியும் சொல்லிவிடும். சூடோ நிழலோ இதைச் சொல்லாது.

இந்தக் கணக்கை நானும் மேசை லாம்பு வெளிச்சத்தில் கொப்பியில் போட்டேன். ரோமுலஸ் 1,356 கிலோமீற்றர் தூரத்தில் 87.6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. தூரத்தை மும்மடி பெருக்கி, நேரத்தை இருமடி பெருக்கி வகுத்து, மாறிலிகளைப் போட்டு முடித்தபோது வந்தது 148 என்று எழுதி 17 சுழியம் போட்டால் வரும் கிலோகிராம். பிறகு ரீமஸ். 706 கிலோமீற்றர், 33 மணித்தியாலம். அதே வழியில் போட்டேன். 147 என்று எழுதி 17 சுழியம். ஒன்றையொன்று பார்க்காமல் எழுதிக் கொடுத்த இரண்டு வாக்குமூலமும் ஒத்துப்போயின. நெடுநேரம் அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் நிலவின் நிறையில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. பருமனால் வகுத்தால் தண்ணீரைப்போல 1.4 மடங்குதான் அடர்த்தி. சாதாரணப் பாறை தண்ணீரைப்போல இரண்டரை, மூன்று மடங்கு இருக்கும். அப்படியென்றால் சில்வியா திடமான ஒற்றைப் பாறையாக இருக்க முடியாது. உள்ளே பெரும் வெற்றிடங்கள் இருக்க வேண்டும், அல்லது பனிக்கட்டி கலந்திருக்க வேண்டும், அல்லது இரண்டும். நடுவில் இறுகிய கருவும் வெளியே தளர்ந்த போர்வையுமாக இருக்கலாம் என்று அண்மைக் கால ஆய்வு ஒன்று சொல்கிறது. ஏதோ ஒரு பழைய மோதலில் சிதறியவையே அந்த இரு நிலாக்களும் என்பது பொதுவான கருத்து. அதே வழியில் இன்னும் பல சிறு கற்கள் குடும்பமாக ஓடுகின்றன.

சில்வியாவில் எந்த விண்கலமும் இறங்கியதில்லை, கிட்டப் போனதும் இல்லை. அதன் வயிற்றுக்குள் வெற்றிடம் இருக்கலாம் என்று நமக்குச் சொன்னவை அதைச் சுற்றி வந்த இரண்டு சிறு கற்கள்.

*

சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டிருந்த ஓர் இரவு. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வரும் முறைக்காக, மண்வெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு அப்பு வரம்பில் இருந்தார்.

"என்ன தம்பி, மேல என்ன பாக்கிறாய்?"

"ஒரு கல்லைப் பற்றி யோசிச்சனான் அப்பு. கறுத்தக் கல். எங்கட நாட்டை விட அகலம். கண்ணுக்குத் தெரியாது."

அவர் சற்றுநேரம் மேலே பார்த்தார். "விழுமோ?"

"விழாது அப்பு. அது வியாழன் பக்கம் ஓடுறது. எங்கட பக்கம் வராது."

"அப்பச் சரி."

தண்ணீர்ச் சத்தம் மாறியது எனக்குக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்டது. எழுந்து வரம்பை வெட்டிவிடப் போனார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஷெல் விழுந்த ஊரில் மேலே இருப்பதைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது அதுதான். பூமிக்குக் கிட்ட வரும் சிறுகோள்களை இரவிரவாகத் தேடிக் கணக்கெடுக்கிறவர்கள் இதே கேள்விக்குத்தான் பதில் தேடுகிறார்கள். கறுத்த கற்கள் அவர்களுக்குப் பெரிய சிரமம், வெளிச்சத்தில் பிடிபடாது. அதனால்தான் சூட்டைப் பார்க்கும் தொலைநோக்கிகளை விண்வெளிக்கு அனுப்புகிறார்கள். சில்வியாவால் பூமிக்கு ஆபத்து இல்லை. ஆனால் ஒரு கறுத்த கல்லின் நிறையும் உள்ளீடும் என்னவென்று சில்வியாவில் கற்றது, நாளை ஒரு சிறிய கறுத்த கல்லைத் திசை திருப்ப வேண்டி வந்தால் உதவும்.

அப்படியொரு பயன் இல்லாவிட்டாலும் நான் அதை நினைப்பதை விடமாட்டேன்.

*

1868 நவம்பர் 17இல் பொக்சன் கண்ட கமிலாவும் சில்வியாவின் கூட்டத்தைச் சேர்ந்ததே. அதே வெளி விளிம்பு, அதே கறுப்பு, கிட்டத்தட்ட அதே பருமன். கமிலாவுக்கு ஒரு நிலா இருப்பதை 2001இல் ஹபிள் தொலைநோக்கி காட்டியது. இரண்டாவது நிலா 2016இல் பரனாலில் தெரிந்தது. அதன் அடர்த்தியும் தண்ணீரைவிடச் சற்றே கூட. சென்னையின் இரவில் இரண்டரை ஆண்டு இடைவெளியில் ஒருவருக்கு அகப்பட்ட இரண்டு புள்ளிகளும், ஒன்றரை நூற்றாண்டு கழித்து, இரண்டு இரண்டு பிள்ளைகளோடு நிற்கின்றன. பொக்சனுக்கு இதில் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, தாளில் இல்லாத ஒரு புள்ளி வானத்தில் இருக்கிறது என்பது மட்டும்.

1885இல் அவர் வேராவைக் கண்ட பிறகு இந்தியாவிலிருந்து அடுத்த சிறுகோள் அகப்பட 103 ஆண்டு ஆயிற்று. 1988 பெப்ரவரி 17இல் தமிழ்நாட்டுக் காவலூரில் ராஜமோகன் என்ற வானியலாளர் கண்டார், 4130 ராமானுஜன். இடையில் சென்னை ஆய்வகமே 1899இல் கொடைக்கானலுக்கு மாறிப் போய்விட்டது.

பொக்சனின் முறையை எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கலாம் என்று நினைக்கிறேன். ஒப்பிட இன்று கணினி உண்டு, ஆனாலும் கையால் ஒருமுறை செய்ய வேண்டும். மாசி, பங்குனியில், காலபோக வெட்டு முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கும்போது வானம் நல்ல தெளிவு. வெஸ்டா வசதியான இடத்தில் நிற்கும் ஆண்டாகப் பார்த்துத் தூரக்கண்ணாடியோடு தொடங்கலாம். தாளில் புள்ளிகளைக் குறித்து, கீழே திகதியும் நேரமும் எழுதி, சில இரவு கழித்து மறுபடி குறித்தால், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் நகர்ந்தது எதுவென்று தெரியும். சில்வியாவுக்கு அது போதாது. குறைந்தது ஆறு அங்குலத் தொலைநோக்கி வேண்டும். மன்னாரிலோ வவுனியாவிலோ ஆரிடமாவது ஒன்று இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.